நுழைய மறுக்கும் தோட்டா

திருச்சி எடமலைப்பட்டி புதூரில், சுருக்கமாக எ.புதூரில், வீடு பார்த்துக் குடியேறுகிறவருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு ஃபிட்டரோ டர்னரோ வெல்டரோ வாய்ப்பது அதிசயமில்லை. பொன்மலை ரயில்வே பணிமனை 1928-இலிருந்தும், பெல் (BHEL) 1965-இலிருந்தும், நவல்பட்டுப் பக்கத்துத் துப்பாக்கி ஃபேக்டரி 1966-இலிருந்தும் திருச்சிக்காரர்களுக்குச் சம்பளத்தோடு ஒரு பேச்சுமொழியையும் கொடுத்திருக்கின்றன. தச்சர் "ரெண்டு நூல் தள்ளு" என்றால் கால் அங்குலம். லேத்துப் பட்டறைக்கு நூல் கணக்கு முரடு. அங்கே மைக்ரான்வரை இறங்கிவிடுவார்கள். கடைந்த துளை சரியா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டிருக்கவும் மாட்டார்கள். இரண்டு முனையுள்ள ஒரு கேஜை எடுப்பார்கள். ஒரு முனைக்குப் பெயர் கோ, மறுமுனைக்கு நோ-கோ. முதலாவது போக வேண்டும், இரண்டாவது போகக் கூடாது. இரண்டும் போனால் வேலை ஸ்கிராப். இரண்டும் போகாவிட்டால் இன்னும் கொஞ்சம் கடைய வேண்டும்.

புதிதாக வாங்கிய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று. அதற்கென்றே வாங்கிய தோட்டா. போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் தோட்டா பாதியில் நிற்கிறது, அல்லது முழுக்கப் போன பிறகும் கைப்பிடி கீழே இறங்க மறுக்கிறது. குற்றம் துப்பாக்கியிலா, தோட்டாவிலா, தள்ளுகிற கையிலா? வாங்கியவர் துப்பாக்கியைத் திட்டுவார். விற்றவர் தோட்டாவைக் காட்டுவார். தோட்டா செய்தவர் இருவரையும் காட்டுவார். நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பெரிய சேனைகளே இதில் வாதியாகவும் பிரதிவாதியாகவும் நின்றிருக்கின்றன. இந்தியாவும் பலமுறை நின்றிருக்கிறது.

இந்த வழக்கே இல்லாத ஒரு காலம் இருந்தது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில், துவாக்குடிக்கு அருகே தேவராயநேரியில் நரிக்குறவர்களின் பெரிய குடியிருப்பு இருக்கிறது. அவர்கள் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கியில் தோட்டா அறை என்ற ஒன்றே கிடையாது. குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்துக் கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி இடிக்க வேண்டும். ரவை பெரிதாக இருந்தால் சின்னதைத் தேடிக்கொள்ளலாம். குழல் தேய்ந்து அகன்றால் துணியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அளவு சுடுகிறவரின் கையில் இருந்தது. மழையில் நனையும், நேரம் பிடிக்கும், கை தவறினால் விரல் போகும். ஆனால் 'இந்தத் துப்பாக்கிக்கு இந்தத் தோட்டா சேரவில்லை' என்ற புகார் மட்டும் எழாது.

புகார் எழுந்த முதல் பெரிய இடங்களில் ஒன்று நம் நாடுதான். 1857 என்றதும் என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாக் காகிதத்தில் தடவிய கொழுப்பு நினைவுக்கு வரும். மதமும் மானமும் சேர்ந்த அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதே துப்பாக்கிக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. அது வரலாற்றுப் பாடத்துக்கு வராது. 1853 மாதிரி என்ஃபீல்டின் குழல் விட்டம் 0.577 அங்குலம். உள்ளே தள்ள வேண்டிய ஈயக் குண்டின் விட்டம் 0.568. இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு, அதிலும் சுற்றிய காகிதம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சில முறை சுட்டதும் கருமருந்தின் கரி குழலில் படியும். அதன்பின் குண்டை உள்ளே இறக்கச் சிப்பாய் கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டும். பின்னர் குண்டின் விட்டத்தை 0.55 ஆகக் குறைத்தார்கள். துப்பாக்கியில் ஒரு தகடுகூட மாறவில்லை. நுழையாததற்குத் தீர்வு நுழைகிற பொருளைச் சிறிதாக்குவதாக இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்மாறான தீர்வு ஒன்று பிறகு வரும்.

பித்தளைக் கூட்டுக்குள் மருந்தும் குண்டும் அடைத்த இன்றைய தோட்டா வந்ததும் அளவு சுடுகிறவரின் கையைவிட்டுப் போய்விட்டது. துப்பாக்கி ஓரிடத்தில் பிறக்கிறது, தோட்டா இன்னோரிடத்தில். இந்தியாவில் இதற்கு அப்பட்டமான உதாரணம், உரிமம் வைத்திருக்கும் பொதுமக்களில் பலர் கையில் இருக்கும் .315 ரைஃபிள். துப்பாக்கி கொல்கத்தாவுக்குப் பக்கத்து ஈஷாப்பூரில். தோட்டா புனேயை அடுத்த கட்கியில். நாட்டின் கிழக்கு ஓரத்தில் கடைந்த துளைக்குள் மேற்கு ஓரத்தில் வடித்த பித்தளை தடங்கலில்லாமல் போக வேண்டும்.

இந்த .315 என்ற அளவே ஒரு விசித்திரம். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படை வைத்திருந்த மான்லிஷர் தோட்டா அது. 8 மில்லிமீட்டர் குண்டு, 50 மில்லிமீட்டர் கூடு. வியன்னாவிலிருந்து அது நம்மூர்ப் பம்புசெட் கொட்டகைவரை வந்ததற்குக் காரணம் பயம். பட்டாளம் சுடுகிற .303 தோட்டாவைப் பொதுஜனம் கையில் கொடுத்தால் திருடிய ராணுவத் தோட்டா கலகக்காரர்களுக்கு உதவிவிடும் என்று வெள்ளைக்காரர் அஞ்சினர். ராணுவத் துப்பாக்கியில் போகாத ஒரு தோட்டா வேண்டும்; .315 அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆக, நம் நாட்டில் தோட்டா நுழையாமல் இருப்பது பல சமயம் கோளாறே இல்லை, திட்டம். அந்தப் பயம் சட்டத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது: .303 தடைசெய்யப்பட்ட அளவு, .315 அப்படியல்ல.

இனி அந்த ரைஃபிளைக் கையில் எடுப்போம். கீழே சொல்வதெல்லாம் உயிருள்ள தோட்டாவை வைத்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் செய்து பார்க்கிற காரியம் இல்லை. மருந்தோ கேப்போ இல்லாத டம்மி தோட்டா என்று ஒன்று இருக்கிறது. சோதனை அதில்தான், அதுவும் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கையில்.

முதல் கேள்வி: தோட்டாவே இல்லாமல் போல்ட் மூடுகிறதா? ஃபிட்டர் மூளை இங்கிருந்துதான் தொடங்கும். வெறும் அறையிலேயே மூடவில்லை என்றால் தோட்டாவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. புதுத் துப்பாக்கியில் இதற்குப் பெரும்பாலும் காரணம் கிரீஸ். தொழிற்சாலையிலிருந்து வரும்போது துருப்பிடிக்காமல் இருக்கக் கெட்டிக் கிரீஸை அப்பி அனுப்புவார்கள். மேலே தெரிவதைத் துடைத்துவிட்டு 'பளபள' என்று வைத்துக்கொள்வோம். தோட்டா அறையின் உள்ளேயும், போல்ட்டின் பூட்டுப் புடைப்புகள் போய் உட்காரும் பள்ளங்களிலும் அது மெழுகுபோல் இறுகிக் கிடக்கும். அரை மில்லிமீட்டர் கிரீஸ் அடுக்கு, இரும்பைப் போலவே போல்ட்டை நிறுத்தும். அடுத்தது எண். போல்ட்டில் பொறித்த எண்ணும் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றா? போல்ட்டுகளைத் தனியே கழற்றி வைக்கும் வழக்கமுள்ள ஆயுதக் கிடங்குகளில் ஒன்றின் போல்ட் இன்னொன்றில் போய்விடுவது பழைய கதை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அளவில் இல்லை.

லீ-என்ஃபீல்டு வழியில் வந்த துப்பாக்கிகளில் போல்ட்டின் தலை தனியாகத் திருகிக் கழற்றக்கூடியது. சுத்தம் செய்கிறவர் கழற்றிவிட்டு மறுபடி முழுக்கத் திருகாமல் விட்டால் போல்ட் தன் பாதையில் ஏறவே ஏறாது. இன்னொரு வேடிக்கை இதைவிட அதிகம் நடக்கும். 1898 மவுசர் வழித் துப்பாக்கியில் கைப்பிடியைத் தூக்கும்போதே உள் ஸ்பிரிங் இறுகிவிடும், மூடுவது வெண்ணெய். லீ-என்ஃபீல்டில் மூடும்போதுதான் இறுகும். கடைசி ஓரங்குலத்தில் ஸ்பிரிங் கையை எதிர்க்கும். மவுசர் பழகிய கை, முதல்முறை லீ-என்ஃபீல்டு வழியில் வந்த .315-ஐத் தொட்டால் 'ஏதோ அடைக்கிறது' என்று நின்றுவிடும். அடைக்கவில்லை, அதன் சுபாவமே அது. சேஃப்டி கேட்ச் போட்டிருக்கும்போது போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களும் உண்டு. அவர்களை இங்கே பெயர்சொல்லி அவமானப்படுத்த வேண்டாம்.

வெறும் அறையில் மூடுகிறது, டம்மியை வைத்தால் மூடவில்லை. இப்போது கேட்க வேண்டியது ஏன் என்பதை இல்லை, எங்கே என்பதை. போல்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே நோயின் பெயர்.

ஆரம்பத்திலேயே, தோட்டாவைத் தொடும் இடத்திலேயே தடுமாறினால் மேகசினைப் பாருங்கள். முழுக்க மாட்டாத மேகசின் முதல் சந்தேகம். விளிம்பு வைத்த தோட்டாக்களில், அதாவது .303, .315 போல அடிப்பாகம் தொப்பி ஓரம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் வகையில், இன்னொரு கண்ணி உண்டு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்துவிட்டால், மேல் தோட்டாவைத் தள்ளும்போது அது கீழே உள்ளதன் விளிம்பில் மாட்டி இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு பலமாக மாட்டும். புதுத் துப்பாக்கியைக் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர் முதலில் மேகசினைக் காலி செய்து, ஒவ்வொன்றாக வரிசை பார்த்து அடுக்கட்டும். பாதிப் பஞ்சாயத்து அங்கேயே முடியும்.

தோட்டாவின் மூக்கு அறை வாசலுக்குக் கீழே உள்ள சரிவில் முட்டினால் மேகசின் உதடுகள் வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது குண்டின் வடிவமே அந்த மேகசினுக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம். பிரிட்டிஷ் ராணுவம் 1910 வாக்கில் .303 குண்டை மழுங்கு மூக்கிலிருந்து கூர் மூக்குக்கு மாற்றியபோது துப்பாக்கியின் மேகசினையும் மாற்ற வேண்டியிருந்தது. 1914-இல் இந்தியப் படைகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கியதும், கொண்டுபோன துப்பாக்கிகளை வாங்கிவைத்துக்கொண்டு புதுத் தோட்டாவுக்கேற்ற துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். போருக்குப் போகும் வழியில், கையோடு பழகிய ஆயுதத்தை மாற்றிக்கொண்ட அந்தச் சிப்பாய்களுக்குக் காரணத்தை யாராவது விளக்கியிருப்பார்களா?

முக்கால்வாசி உள்ளே போய் நின்றால் விஷயம் தோட்டா அறைக்குள். அங்கே தோட்டாவின் கழுத்தோ, தோளோ, உடலோ, குண்டின் முனையோ எதையோ தொடுகிறது. எது என்று கண்டுபிடிக்கத் திருச்சி ஃபிட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பேரிங் உட்காருகிறதா என்று பார்க்க நீல மையைத் தடவித் திருப்பி எடுத்து, மை அழிந்த இடத்தைச் சுரண்டுகிறவர் அவர். டம்மியின் மேல் கறுப்பு மார்க்கர் பூசி மெல்ல உள்ளே விட்டு எடுத்தால் எங்கே உரசியதோ அங்கே பித்தளை பளிச்சென்று தெரியும். குண்டின் மூக்கில் குழலின் உட்புறச் சுருள்வரிகளின் தடம் விழுந்திருந்தால் தோட்டா நீளம் அதிகம், அல்லது அந்த அறையில் வரிகள் முன்னதாகவே தொடங்குகின்றன. தோளில் தேய்ந்திருந்தால் கூடு நீளம் அல்லது அறை குறை. உடலில் ஒரே ஒரு பக்கம் கோடு விழுந்திருந்தால் உள்ளே பிசிறோ கிரீஸோ இருக்கிறது.

கைப்பிடி பாதி இறங்கி நின்றால் பிரச்சினை எல்லாவற்றிலும் நுட்பமானது. ஹெட் ஸ்பேஸ் என்பார்கள்: மூடிய போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவை மேலும் முன்னேறவிடாமல் தடுக்கும் இடத்துக்கும் உள்ள தூரம். .303-இல் தடுப்பது விளிம்பு. ராணுவக் கணக்கில் போல்ட் 0.064 அங்குலக் கேஜின் மேல் மூட வேண்டும், 0.074 அங்குலக் கேஜின் மேல் மூடக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர். விளிம்பில்லாத .308 தோட்டாவில் தடுப்பது தோள்; அதில் கோ 1.630 அங்குலம், நோ-கோ 1.634. இங்கே சகிப்பு பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். குறைந்தால் கைப்பிடி இறங்காது. கூடினால் கைப்பிடி அழகாக இறங்கும், வெடிக்கும்போது பித்தளை கிழியும்.

பின்னதுதான் பயப்பட வேண்டியது. நுழையாத தோட்டா யாரையும் கொல்வதில்லை. நுழையக் கூடாதது நுழைவதுதான் கொல்லும். பன்னிரண்டு போர் துப்பாக்கியில் தவறி இருபது போர் தோட்டாவைப் போட்டால் அது அறையைத் தாண்டிக் குழலில் போய்ச் சிக்கும். சுடவில்லையே என்று பின்னால் சரியான பன்னிரண்டைப் போட்டால் அதுவும் சுகமாக உட்காரும். அடுத்தது குழல் பிளப்பு. இருபது போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்ததற்கு இந்த ஒரு தவறே காரணம். மறுக்கிற போல்ட்டை உள்ளங்கையால் குத்தி மூடுகிறவர்களுக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மவுசர் 1898 மாதிரியின் வழியில் வந்தவற்றில் கைப்பிடி இறங்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதன் அகலமான கொக்கி, மேகசினிலிருந்து எழும் தோட்டாவின் விளிம்பைக் கீழிருந்து பிடித்துக்கொள்ளும்படி அமைந்தது. தோட்டாவைக் கையால் நேரே அறைக்குள் போட்டுவிட்டு போல்ட்டை மூடினால் கொக்கி விளிம்பில் ஏறாமல் முட்டி நிற்கலாம். துப்பாக்கியும் சரி, தோட்டாவும் சரி. போட்ட விதம் தவறு.

தோட்டாவும் துப்பாக்கியும் தனித்தனியே சரியாக இருந்து, சேர்ந்தபோது தவறான கதைகளில் பெரியது கனடாவின் ராஸ் ரைஃபிள். சார்லஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வடிவமைத்தது. கைப்பிடியைத் திருப்பாமல் நேரே இழுத்து நேரே தள்ளும் வகை. குறிபார்த்துச் சுடுவதில் லீ-என்ஃபீல்டைத் தோற்கடிக்கக்கூடியது. தோட்டா அறையை இறுக்கமாகக் கடைந்திருந்தார்கள். கனடாவில் செய்த தோட்டா அளவு பிசகாமல் வந்ததால் ஊரில் தொல்லையில்லை. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரு களத்தில் குளோரின் புகைக்கு நடுவே நின்றபோது கையில் இருந்தது போர்க்கால அவசரத்தில் பிரிட்டனில் செய்த தோட்டா, கொஞ்சம் பருத்தது. சூடேறிய இறுக்கமான அறை, பருத்த பித்தளை, சேறு. போல்ட் திறக்கவில்லை, திறந்தால் மூடவில்லை. காலால் உதைத்தும் மண்வெட்டியால் அடித்தும் பார்த்தார்கள். போதாக்குறைக்கு போல்ட்டின் பூட்டுப் புடைப்பு பின்னால் உள்ள தடுப்பில் ஒவ்வொரு முறையும் மோதி நசுங்கியது. நசுங்கியது இன்னும் இறுகியது. செத்துக்கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டுகளைக் கனடியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே களத்தில் அதே மாதம் 26 அன்று எதிர்த்தாக்குதலுக்குப் போன இந்திய லாகூர் டிவிஷனின் கையிலும் லீ-என்ஃபீல்டுதான் இருந்தது.

லீ-என்ஃபீல்டுக்கு அதே பருத்த தோட்டா ஏன் தொல்லை தரவில்லை? அதன் தோட்டா அறையைத் தாராளமாக அகலப்படுத்தியிருந்தார்கள். 1857-க்குப் பின் குண்டைச் சிறிதாக்கினார்கள் என்று சொன்னேன். இங்கே அறையைப் பெரிதாக்கினார்கள். மோசமான தோட்டாவையும் விழுங்கட்டும் என்ற முடிவு அது. குறி கொஞ்சம் தளரும், பித்தளை அதிகம் உப்பும்; போகட்டும். ராஸின் அறையையும் பிறகு அகலப்படுத்தினார்கள், தடுப்பையும் மாற்றினார்கள். அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. அந்தத் துப்பாக்கிக்காக வாதாடிய அமைச்சர் சாம் ஹியூஸ் 1916-இல் பதவி இழந்தார். குறிசுடும் ஸ்னைப்பர்கள் மட்டும் அதை விடவில்லை. அவர்களுக்கு நல்ல தோட்டாவைப் பொறுக்கி எடுத்துச் சேற்றில் படாமல் வைத்துக்கொள்ள நேரம் இருந்தது. ஒரே துப்பாக்கி, அகழியில் குப்பை, ஸ்னைப்பர் கையில் பொக்கிஷம். என் பார்வையில் இந்த வழக்கின் தீர்ப்பே இதில் இருக்கிறது: துப்பாக்கி நல்லதா என்று தனியே கேட்பது, சாவி நல்லதா என்று பூட்டைப் பார்க்காமல் கேட்பது போல.

இந்தியா இதை ஒருமுறை ஒழுங்காகச் செய்து காட்டியிருக்கிறது. 1962 சீனப் போருக்குப் பிறகு ஈஷாப்பூரில் பழைய லீ-என்ஃபீல்டு வடிவமைப்பை 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டாவுக்கு மாற்றினார்கள். விளிம்புள்ள தோட்டாவுக்குப் பிறந்த துப்பாக்கிக்குள் விளிம்பில்லாத தோட்டா. வெறும் குழலை மாற்றினால் போதும் என்று விட்டிருந்தால் ராஸின் கதைதான். எஃகை வலுவாக்கினார்கள், மேகசினைப் புதிதாகச் செய்தார்கள், விளிம்பில்லாத அடியைப் பிடிக்கும்படி எக்ஸ்ட்ராக்டரையும் மாற்றினார்கள். ஈஷாப்பூர் 2ஏ, 2ஏ1 என்று பெயர்பெற்ற அவை போலீஸ்காரர்களின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கின.

அடுத்தது அப்படி அமையவில்லை. புனேயில் வடிவமைத்து ஈஷாப்பூர், கான்பூர், திருச்சி ஆலைகளில் செய்த இன்சாஸ், போல்ட் ஆக்‌ஷன் இல்லை, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் வகை. ஆனால் வழக்கு அதேதான். 1999 கார்கில் குளிரில் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டன, துப்பாக்கிகள் சிக்கின. 2005-இல் நேபாள ராணுவம் ஒரு பெரிய மோதலில் வீரர்களை இழந்துவிட்டு இன்சாஸ் காலைவாரியது என்றது. பராமரிப்பும் பயன்படுத்திய விதமும் சரியில்லை என்று இந்தியத் தரப்பு பதில் சொன்னது. துப்பாக்கி ஃபேக்டரியில் வேலைபார்த்த எவரிடமும் திருச்சியில் இதைப் பேசிப் பாருங்கள், மதியச் சாப்பாடு ஆறிவிடும். எனக்குத் தோன்றுவது: மேகசின் விரிசலை வாதத்தால் ஒட்ட முடியாது, அது செய்தவர்கள் பக்கக் குறை. மற்றவற்றில் இரு பக்கமும் கொஞ்சம் உண்மை சொன்னது.

2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் 41 ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். திருச்சித் துப்பாக்கி ஃபேக்டரி கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்குப் போனது. அதே திருச்சியில், டாங்கித் தோட்டாக்களின் கனத்த உலோக மையத்தைச் செய்யும் ஹெச்.ஏ.பி.பி. தொழிற்சாலை, வெடிபொருள்களுக்கான புனே கம்பெனிக்குப் போனது. ஈஷாப்பூர் துப்பாக்கியும் கட்கித் தோட்டாவும் அப்படியே இரண்டு கம்பெனிகளின் சரக்கு. முன்பு ஒரே வாரியத்துக்குள் இரு ஆலைகள் ஒன்றையொன்று கைகாட்டின. இனிக் கைகாட்டினால் இரண்டு லாப நட்டக் கணக்குகளுக்கு நடுவே. வரைபடத்தில் உள்ள அளவும் கேஜும் மட்டும் இரண்டுக்கும் பொது.

தோட்டாவைப் பழிக்கும்போது அதை வைத்திருந்த இடத்தையும் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாக வெடிப்பு விட்டன. வேலைப்பாட்டில் குறையில்லை, யாரும் தொடவில்லை, பருவம் மாறியதும் விரிசல். ஆங்கில உலோகவியலில் இதற்குப் பருவத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். 1921-இல்தான் விளக்கம் முழுமையாக வந்தது: கூட்டை இழுத்து வடிக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிடும் இறுக்கமும், குதிரைலாயத்து மூத்திரத்தின் அம்மோனியாவும், ஈரமும் மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். தோட்டாவை லாயத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள்! கூட்டை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்தியும், உலர்ந்த இடத்தில் வைத்தும் சரிசெய்தார்கள். இன்று லாயம் இல்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் பீரோ வைத்திருக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள்.

துப்பாக்கியும் இருக்குமிடத்தில் கெடும். தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரும். வாங்கிய சூட்டில் ஒப்படைத்த புதுத் துப்பாக்கி சில மாதம் கழித்து வீடு திரும்பும்போது எண்ணெய் காய்ந்து பிசினாகி, தோட்டா அறையில் மெல்லிய துரு சொரசொரவென்று இருந்தால் வியப்பதற்கில்லை. வாங்கிய தேதிப்படி அது புதுசு. தோட்டாவுக்கு அது தெரியாது.

எ.புதூருக்குப் பக்கத்தில், கே.கே. நகரில் திருச்சி ரைஃபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் அங்கே நடந்த 47-ஆவது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித் குமார் வந்தபோது ரசிகர்கள் திரண்டதில், போட்டியைவிடக் கூட்டமே செய்தியானது. அங்கே 50 மீட்டர் பந்தயத்தில் பயன்படுவது .22 போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் வைப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரயில்வே ஊழியரான ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இந்த வகைப் பந்தயத்தில்தான்.

இந்தத் துப்பாக்கிகளில் தோட்டா சுலபமாக நுழையாததை யாரும் குறையாக எண்ணுவதில்லை. போட்டி ரைஃபிளின் தோட்டா அறையை வேண்டுமென்றே இறுக்கமாகக் கடைவார்கள். மெழுகோ கொழுப்போ பூசிய ஈயக் குண்டு, போல்ட் மூடும்போதே சுருள்வரிகளில் லேசாகக் கடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு குண்டும் ஒரே இடத்தில் தொடங்கும். கட்டைவிரலுக்கு அந்தக் கடி தெரியும். ஆனால் அந்த இறுக்கத்துக்கு விலை உண்டு: மெழுகும் கரியும் சேர்ந்து அறையின் முன்விளிம்பில் வளையமாகக் கட்டிக்கொள்ளும், நேற்றுவரை கடித்த தோட்டா இன்று முட்டும். தோட்டாவின் பிராண்டை மாற்றினாலும், அதே பிராண்டில் வேறு லாட் வந்தாலும் கூட முட்டலாம். தேர்ந்த வீரர்கள் தோட்டாவை லாட் எண் பார்த்துச் சோதித்து, பொருந்தியதை வாங்கி அடுக்கிவைப்பார்கள். நம்மூரில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அந்த வசதி குறைவு. இறக்குமதியில் எது வருகிறதோ அது. கிளப்பில் புது ரைஃபிள் மூடவில்லை என்று ஒரு பையன் கலங்கி நின்றால் பயிற்சியாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தத் தோட்டா என்பதுதான்.

எல்லாம் பார்த்தாயிற்று. கிரீஸ் இல்லை, எண் ஒத்துப்போகிறது, மேகசின் சரி, வேறு லாட் தோட்டாவும் மூடவில்லை, மார்க்கர் மை தோளில் அழிகிறது. அறை ஒரு மயிரிழை குறைவாகக் கடையப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எ.புதூரில் இரண்டு தெரு தள்ளிப் போனால் அந்த மயிரிழையை எடுத்துவிடக்கூடிய கை இருக்கும். இதைவிட நுட்பமான வேலையை முப்பது வருடம் செய்து ஓய்வுபெற்ற கை. அவர் தொடக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டும் உரிமம் கேட்கவில்லை. பழுது பார்ப்பதற்கும், சோதிப்பதற்கும், மாற்றி அமைப்பதற்கும் கேட்கிறது. தோட்டா செய்வதும் அதில் அடக்கம். வெளிநாட்டில் வீட்டு மேசையில் தோட்டாக் கூட்டை மறுபடி அமுக்கி அளவுக்குக் கொண்டுவந்து மருந்து நிரப்பிக்கொள்ளும் ஆட்களுக்கு இருக்கும் வழி இங்கே இல்லை. நட்புக்காக லேத்தில் மாட்டினால் இருவருக்கும் வழக்கு.

சட்டம் இல்லாவிட்டாலும் அது சரியில்லை என்றே சொல்வேன். தோட்டா அறையைத் தோண்ட ரீமர் வேண்டும், தோண்டியதைப் பார்க்க அந்த அளவுக்கான கோ, நோ-கோ கேஜ் வேண்டும், முடித்ததும் அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கும் சோதனை வேண்டும். மூன்றும் இல்லாமல் தோளில் ஒரு மயிரிழை கூடுதலாக எடுத்துவிட்டால் கைப்பிடி அருமையாக இறங்கும். அதை ஓய்வுபெற்ற ஃபிட்டரும் மறுக்க மாட்டார். கேஜ் இல்லாமல் வேலையை பாஸ் பண்ணுகிறவர் இல்லை அவர். ஆகவே ரைஃபிள் மறுபடி பெட்டிக்குள் போகிறது. கூடவே மை அழிந்த டம்மியையும், மூடாத தோட்டாக்களின் லாட் எண்ணை எழுதிய சீட்டையும் வைத்து, உரிமப் புத்தகத்தோடு விற்பனையாளரிடம் கொண்டுபோக வேண்டும். "தள்ளிப் பார்த்தீங்களா, நல்லா அழுத்தித் தள்ளணும் சார்" என்று அவர் தொடங்கினால், பெட்டியைத் திறந்து அந்த டம்மியை முதலில் அவர் கையில் கொடுக்கலாம்.